பெட்டிக்குள் அடங்காத கடைசி வரி

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். திரையில் அக்காவின் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதன் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி நின்றுகொண்டிருந்தது.

பக்க வடிவமைப்பு வேலை தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சொல்கிறேன். எங்கள் மென்பொருளில் முதலில் ஒரு பெட்டி வரைய வேண்டும், பிறகு அதற்குள் எழுத்தை ஊற்ற வேண்டும். பெட்டி நிறைந்த பிறகும் எழுத்து மிச்சமிருந்தால் அது வெளியே வழியாது. உள்ளேயே எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். அழிந்தும் போகாது, அச்சிலும் வராது. உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி மூலையில் இருக்கும் அந்தச் சிவப்புக் குறி. அதுவும் என் திரையில் மட்டும்தான் தெரியும். தாளில் தெரியாது.

பெட்டியின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். ஒளிந்திருந்த வரி இறங்கி வந்து உட்கார்ந்தது.

"குறிப்பு: விவாகரத்து ஆனவர். மறைக்க ஒன்றுமில்லை."

அடப்பாவி! புத்தகம் அச்சாகி, போன ஞாயிற்றுக்கிழமையே எல்லார் கையிலும் கொடுத்தாகிவிட்டது. அதைப் பார்த்துப் புதன்கிழமை ஒரு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வருகிறார்கள்.

செகந்திராபாதில் எங்கள் பகுதித் தமிழர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை வரன் அறிமுக நாள் நடத்தும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன குடும்பங்கள், பாலாநகர் பேக்டரிக்காரர்கள், போன வருடம் வந்து இறங்கிய ஐ.டி. பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அன்றைக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். பெண்கள் முன்பாதி, பையன்கள் பின்பாதி. பக்கத்துக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு பெட்டி. படம், வயது, நட்சத்திரம், படிப்பு, வேலை, எதிர்பார்ப்பு. கடைசியில் "குறிப்பு" என்று ஒரு வரி. அந்த வரியை எல்லாரும் நிரப்ப மாட்டார்கள். சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருப்பவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள்.

அந்தப் புத்தகத்தை வடிவமைப்பது நான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் இருந்தாலும், என் கம்ப்யூட்டர் மௌலா அலியில் அம்மாவும் அக்காவும் இருக்கிற வீட்டில்தான் இருக்கிறது. என் வீட்டில் அதை வைக்க இடம் கிடையாது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால், மூன்று மணிவரை இதுதான் என் ஆபீஸ்.

வரன் புத்தகம் என்றாலே எனக்குத் தலைவலி. ஆளுக்கொரு தினுசில் அனுப்புவார்கள். ஒருவர் பழைய எழுத்துருவில் அடித்திருப்பார், திறந்தால் கிறுக்கெழுத்து மாதிரி இருக்கும். ஒருவர் வயதையும் நட்சத்திரத்தையும் நேர்க்கோட்டில் கொண்டுவர ஸ்பேஸ் பாரை நாற்பது தடவை தட்டியிருப்பார். இன்னொருவர் டைப்ரைட்டர் காலத்து ஆள், ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டியிருப்பார். அவை எல்லாவற்றையும் களையெடுத்துப் பெட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது நான் எழுத்தைப் பார்ப்பேனே தவிர, வாசிக்க மாட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மாவு அரைக்கிறவன் யார் வீட்டு அரிசி என்றா பார்த்துக்கொண்டிருப்பான்?

இதில் பெட்டிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது சங்கச் செயலரின் கட்டளை. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். ஒரு வருடம் யாரோ ஒருவர் பெண்ணின் பெட்டி அரை விரல் உயரமாக இருந்ததென்று மண்டபத்திலேயே சண்டை வந்துவிட்டதாம். அன்றிலிருந்து "எல்லாருக்கும் ஒரே பெட்டிம்மா, ஒரு நூல் கூடக்கூடாது, குறையக்கூடாது" என்பார். நானும் பெட்டிகளைப் பூட்டி வைத்துவிடுவேன். தெரியாத்தனமாகக் கை பட்டாலும் அளவு மாறாது.

அக்காவின் படிவத்துக்காக வீட்டில் ஒரு வாரம் சண்டை. அவளுக்கு முப்பத்தாறு வயது. செகந்திராபாதில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். இரண்டே வருடத்தில் முடிந்துபோன கல்யாணம் ஒன்று அவளுக்கு உண்டு. அது முடிந்ததில்கூட அவள் அப்படி உடைந்துபோகவில்லை. அதற்கப்புறம் தரகர் ஒருவர் கொண்டுவந்த இடம்தான் அவளை உடைத்தது. பூ வைக்கிற நாள்வரைக்கும் விவாகரத்து விஷயத்தை அவர்களிடம் சொல்லாமலே இழுத்துக்கொண்டு போனார் தரகர். அதற்கு அம்மாவும் உடந்தை. பூவோடு வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும், கூடத்தில் எல்லார் முன்னாலும் "ஏமாத்துக்காரக் குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா தலையில் வைக்காத அந்தப் பூவைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

அதனால் இந்தத் தடவை குறிப்பைத் தானே எழுதினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. நடுநடுவே லாலாகுடா உருது மட்டும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"நக்கோ புள்ள, வேண்டாம். அதை எதுக்குப் போடுத? வீட்டுக்கு வரட்டும், மொகத்தைப் பாக்கட்டும், பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

"இந்த வரி இல்லாம என் பேரு எங்கயும் போகக் கூடாதும்மா. போச்சுன்னா நான் இந்த ஜென்மத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்."

நான்தான் நடுவில் புகுந்தேன். "அக்கா, செட் பண்றது நான்தான? நான் பாத்துக்கறேன். உன் வரி வரும்." சரிபார்க்க முதல் படியை அச்செடுத்ததும் அவளுடைய பெட்டியைக் காட்டினேன். கடைசி வரி இருந்தது. பென்சிலால் ஒரு டிக் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. கடையில் அடுக்கி வைத்த சாமான் மாதிரி தன் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள்.

அந்த முதல் படியில் ஒரு கோளாறு இருந்தது. தமிழ் எழுத்துகளில் கொம்பெல்லாம் இடம் மாறி, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நின்றது. செயலர் சார் கொதித்துவிட்டார். இது பழகிய வியாதிதான். இந்திய மொழிகளுக்கென்று உள்ள அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றினேன். எழுத்துருவும் பழசு என்று அதையும் மாற்றினேன். கொம்புகள் ஒழுங்காகத் திரும்பி வந்து நின்றன. புத்தகம் முழுக்க எழுத்துகளை மட்டும் பார்த்தேன், எல்லாம் லட்சணமாக இருந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

புது எழுத்துரு ஒரு மயிரிழை உயரம் கூடுதல். ஒரு வரிக்கு ஒரு மயிரிழை என்றால் பத்து வரிக்கு எவ்வளவு? கடைசி வரிக்குப் பெட்டியில் இடமில்லை. பெட்டியோ பூட்டியிருந்தது.

மென்பொருள் எச்சரிக்காமல் இல்லை. இப்படி எழுத்து எங்காவது ஒளிந்திருந்தால் திரையின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். என் திரையில் அது எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்துக்கு வெளியே ஓரமாக ஒரு பெட்டி போட்டு, வேண்டாத எழுத்தையெல்லாம் அதில் திணித்து வைப்பது என் வழக்கம். அது எப்போதும் வழிந்துகொண்டிருக்கும், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அது குப்பைப் பெட்டிக்கு எரிகிற விளக்கு என்று நானே முடிவுகட்டிப் பல வருடமாகிவிட்டது. என் சோம்பேறித்தனத்தை இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம்போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் அந்தக் கோப்பைத் திறந்ததே அம்மாவுக்காகத்தான். அக்காவின் பெட்டியை மட்டும் படமாக எடுத்து ஊரிலிருக்கும் சித்திக்கு அனுப்ப வேண்டும் என்றாள். நான் நாற்காலியில் உறைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தாள்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

திரையைக் காட்டினேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதான் ஞாயித்துக்கிழமையே பாத்தேனே."

"என்னது?"

"மண்டபத்துலயே பாத்தேன். அந்த வரி இல்ல. நீதான் என் மனசு தெரிஞ்சு எடுத்துட்டன்னு நெனைச்சேன். சின்னவளுக்காவது புத்தி இருக்கேன்னு சந்தோசப்பட்டேன்."

எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. "நான் எடுக்கலம்மா! அதுவா ஒளிஞ்சுக்கிச்சு!"

"அப்பம் இன்னும் நல்லதாப் போச்சு. தெய்வமாப் பாத்து மறைச்சிருக்கு. நீ ஏன் தோண்டுத?" குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, அந்தப் பையனுக்கு முப்பத்தொம்பது வயசு. அவன் குறிப்புல ஒண்ணுமே போடல. மொதக் கல்யாணம்! பாலாநகர்ல நல்ல வேலை. நம்ம புள்ளைக்கு இப்படி ஒரு இடம் இனி வருமா? வாயை மூடிக்கிட்டு இரு."

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவுக்குப் பயந்து இல்லை. புதன்கிழமை போன் வந்ததிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். "குறிப்பைப் படிச்சிட்டும் வர்றேன்னு சொல்றாங்கன்னா நல்ல மனுஷங்களாத்தான் இருக்கணும், இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்து அப்படி ஒரு சிரிப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது மல்லிகைப் பூ வாங்கி வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லையாம், சும்மாதானாம். அந்தப் பூ வைத்த தலையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கோப்பை மட்டும் திருத்தி, "வரன்_திருத்தம்_வெள்ளி" என்று புதுப் பெயரில் சேமித்தேன். எந்தத் திருத்தம் எந்த நாளில் செய்தது என்று குழம்பாமல் இருக்க நான் எல்லாக் கோப்புக்கும் கிழமை போட்டுவிடுவேன்.

சனிக்கிழமை செயலர் சாருக்குப் போன் செய்தேன். ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, திருத்தம் ஒன்று அனுப்பலாமா என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"அச்சானது அச்சானதும்மா. இப்போ போய்த் திருத்தம்னு அனுப்பினா சங்கத்து மானம் என்ன ஆகும்? யாரும் கேக்கலேல்ல? அப்ப விடு."

பிள்ளை வீட்டு நம்பர் புத்தகத்திலேயே இருந்தது. அன்றைக்கு மூன்று முறை அதை அழுத்தினேன். மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். "என்ன ஆச்சு, முகமே சரியில்ல?" என்று அக்காவே கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். பையனும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். இரண்டு வீட்டிலும் படிவத்தில் சாதி தடையில்லை என்று போட்டிருந்ததால் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் அதிகம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் பேசினார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றேன்.

"உங்களுக்குத்தானுங்க பெரிய மனசு. எல்லாத்தையும் பார்த்துப்போட்டும் வரச் சொன்னீங்களே, அதுவே பெருசுங்க" என்றார்கள் அந்த அம்மாள்.

அம்மா பூரித்துப்போனாள். "அய்யே, உங்களுக்குத்தான் பெரிய மனசு."

எனக்குத்தான் முள் குத்தியது. எல்லாவற்றையும் என்றால் எதை? அவர் பெட்டியில்தான் குறிப்பு என்று ஒன்றுமே இல்லையே.

அக்கா நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள். "நான் எழுதினது எல்லாத்தையும் படிச்சீங்கல்ல?"

"வரி உடாம படிச்சோமுங்க" என்றார் அவர். "உண்மை பேசறவரா இருந்தா போதும்னு எழுதியிருந்தீங்க. அதுதானுங்க எனக்குப் பிடிச்சுது. எங்களுதையும் படிச்சிருப்பீங்க."

"படிச்சேன்" என்றாள் அக்கா, அதே சிரிப்போடு. அவர் பக்கத்தை மட்டும் அம்மா பிரித்துக் காட்டியிருந்தாள்.

"நான் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவேனுங்க. வந்துதானுங்க ஆவோணும்."

"எனக்கும் முட்டி வலிங்க. நானும் எத்தன நாளைக்குத்தான் பின்னாடியே ஓடிப் பார்த்துக்கறது?" என்றார்கள் அந்த அம்மாள்.

எதன் பின்னாடி? தட்டை வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதலில் அந்தக் குப்பைப் பெட்டியை அழித்தேன். அடியில் எரிந்த சிவப்பு விளக்கு அணையவில்லை. எங்கெல்லாம் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். பத்து இடங்கள். வெள்ளிக்கிழமை நான் திருத்திய அக்காவினுடையதையும் சேர்த்தால் பதினொன்று. சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருந்த பதினொரு பேருக்கும் சரியாக அந்த ஒரு வரி போயிருந்தது. வெள்ளிக்கிழமை நான் அக்காவின் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். இன்னொருவர் வீட்டிலும் இப்படி ஆகியிருக்குமே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பத்தில் கடைசி, அவருடையது. இழுத்தேன்.

"குறிப்பு: மனைவி காலமானார். ஐந்து வயதில் பெண் குழந்தை உண்டு."

அவர்கள் தங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் படித்துவிட்டோம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். அக்கா தன் விவாகரத்தை அவர்கள் படித்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

இரண்டு பக்கங்களையும் பிரிண்டரில் போட்டேன். அது போடுகிற சத்தம் கூடம்வரை கேட்டிருக்கும். "என்னட்டி பண்ணுத உள்ள?" என்று அம்மா குரல் கொடுத்தாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போய் நடுவில் வைத்தேன்.

"புத்தகத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது. நீங்க ரெண்டு பேரும் எழுதின கடைசி வரி அச்சுல வரல. ரெண்டு பேருக்குமே வரல. இதான் முழுசு."

அம்மா என் கையைக் கிள்ளினாள், இரத்தம் கட்டுகிற மாதிரி. அவர் அக்காவின் தாளை எடுத்தார். அக்கா அவர் தாளை எடுத்தாள்.

அந்த அம்மாள் மகனின் தோளுக்குமேல் எட்டிப் படித்தார்கள். முகம் சுருங்கிவிட்டது. "டைவர்ஸுங்களா? எங்க மருமவ செத்துத்தானுங்க போனா. அது வேற, இது வேற இல்லீங்களா?"

எனக்கு வாயில் என்னவோ வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

"அம்மா" என்றார் அவர். அவ்வளவுதான். கண்ணாடியை மறுபடியும் கழற்றினார்.

அக்கா அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள். எந்தப் படி எது என்று தெரிய, தாளின் அடியில் கோப்பின் பெயரும் அச்சாகும்படி நான் வைத்திருப்பேன். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "பஜ்ஜி ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.

யாரும் சாப்பிடவில்லை. "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று சொல்லி எழுந்தார்கள். அந்த மாதிரி யோசனைகள் எங்கே போய் முடியும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். "கூடி வந்ததக் கெடுத்துட்டாளே பாவி" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே அழுதாள்.

அக்கா மடியிலிருந்த தாளைப் பிரித்து, அடியில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா உனக்கு?"

நான் பஜ்ஜித் தட்டை எடுக்கக் குனிந்தேன்.

"அம்மா மறைப்பான்னு எனக்குத் தெரியும். தரகர் மறைச்சான், அது அவன் தொழில். நீ எப்படிடீ மறைச்ச? மிஷின் ஒரு வரியை மறைச்சுது, சரி. நீ மூணு நாள் மறைச்சிருக்க. நான் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ தட்டு வச்சுக்கிட்டு நின்ன."

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் அது அம்மா சொல்வது மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் காலையில் வந்தபோது அக்கா வேலைக்குப் போகாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "லிஸ்டை எடு" என்றாள். பதினொரு பேரின் குறிப்பையும் ஒரு தாளில் எழுதச் சொன்னாள். "அந்தக் கடைசி வரியை எழுத ஒவ்வொருத்தரும் என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் போன் பண்ணு. என் முன்னாடி பண்ணு." அதற்கப்புறம் அன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது அநேகமாக "அடுத்தது" என்ற ஒரே வார்த்தைதான்.

முதல் போன் செயலர் சாருக்கு. திருத்தத் தாள் எல்லாருக்கும் போக வேண்டும் என்றேன். அவர் மறுபடியும் சங்கத்து மானத்தை எடுத்தார். அக்கா போனைப் பிடுங்கினாள். "சார், இதுல போறது சங்கத்து மானம் இல்ல, எங்க பதினோரு பேரோட மானம். நீங்க அனுப்பலேன்னா நானே குரூப்ல போடறேன்." அன்று மத்தியானம் திருத்தத் தாள் போய்விட்டது.

பிறகு ஒவ்வொருவராக. ஒரு பெண்ணுக்கு ஒரு காது கேட்காது. அவளுடைய அப்பா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, எழுதினால் பெட்டி தாங்காது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற பையன் ஒருவன், "அதான் என்னடா, இந்தத் தடவை இத்தனை போன் வருதேன்னு பார்த்தேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் திட்டைவிட வலித்தது. ஒரு அம்மாள் மட்டும் கெஞ்சினார்கள். "வராத வரி வராமலே இருக்கட்டுமேம்மா, ஏன் திருத்தறே?" எங்கள் அம்மா அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காவின் பெயர் வந்தபோது அவளே அதைக் கோடு போட்டு அடித்தாள். ஒன்பது பேரிடம் பேசி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பட்டியலில் கடைசியாக அவர் இருந்தார்.

"அவங்களுக்குத்தான் நேத்தே தெரியுமே அக்கா."

"லிஸ்ட்ல இருக்குல்ல? அடுத்தது."

மணி ஆறரை. ஸ்பீக்கரில் போட்டேன். அவர்தான் எடுத்தார். நான் இன்னார் என்று சொல்லி, அவருடைய குறிப்பு வரியைப் படித்து, விட்டுப்போனதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். மற்றவர்களிடம் சொன்ன அதே வாக்கியங்கள்தான்.

"நேத்தே சொல்லிப்போட்டீங்களே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க சொல்லாம உட்டிருந்தா இன்னும் சங்கடமாப் போயிருக்குமுங்க. அம்மா பேசுனதுக்கு நான்தானுங்க மன்னிப்புக் கேக்கோணும்" என்றார்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அக்கா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"நான்தான் பேசறேன்" என்றாள். "உங்க குறிப்புல ஒண்ணு விட்டுப்போயிருக்கு."

"இல்லீங்களே. உங்க தங்கச்சி முழுசாத்தானுங்க படிச்சாங்க."

"குழந்தையோட பேரு இல்ல. பேரு என்ன?"

அந்தப் பக்கம் எங்கோ உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் தெலுங்கில், "எவரு நான்னா?" என்று கேட்டது, யாருப்பா என்று. அவர் எங்களிடம் பெயரைச் சொன்னார்.

அக்கா அந்தப் பெயரை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, பட்டியலில் அவர் வரிக்குக் கீழே அந்தப் பெயரை எழுதப் பார்த்தாள். தாள் அங்கேயே முடிந்திருந்தது. தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஓரத்தில் எழுதினாள்.